சமர்ப்பித்தவர் கொம்பையா

கொம்பையாவுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. அதுதான் அந்த மனுஷனைப் பிடித்த சனியன் என்று அவர் மனைவி இசக்கித்தாய் சொல்லுவாள். இருபத்து நான்கு வருஷம் பட்டாளத்து ஆஸ்பத்திரிகளில் எக்ஸ்ரே எடுத்துவிட்டு ஹவில்தாராக வெளியே வந்தவர். பென்ஷன் வருகிறது. மேலப்பாளையத்தில் டாக்டர் மஹ்மூதா பீவியின் சின்ன ஆஸ்பத்திரியில் அதே எக்ஸ்ரே வேலையும் கிடைத்தது. பாளையங்கோட்டையில் சொந்த வீடு, காலேஜ் படிக்கிற மகள் ஒருத்தி. மற்றவர்களைப் போல ஞாயிற்றுக்கிழமை கறி எடுத்துத் தின்றுவிட்டுக் குப்புறப் படுத்துத் தூங்க வேண்டியதுதானே? மாட்டார். போய்ச் சங்கத்தில் சேர்ந்தார்.

சங்கம் என்றால் எக்ஸ்ரே டெக்னீசியன்கள் சங்கம். திருநெல்வேலியும் சுற்று வட்டாரமும் சேர்ந்து முந்நூற்றுச் சொச்சம் பேர். தலைவர் பெருமாள்ராஜ், பேட்டைப் பக்கம் டெக்னீசியன் படிப்புக்கு ஒரு காலேஜ் நடத்துகிறவர். செயலாளர் எஸ்றா, அந்தக் காலேஜிலேயே ஆபீஸ் வேலை பார்க்கிறவர். இவர்கள் இரண்டு பேரும் மேடையில் உட்காருவார்கள். மேடைக்குக் கீழே நாற்காலி போடுவதிலிருந்து மற்ற எல்லா வேலையும் நம்முடைய ஆள் தலையில்.

நாற்காலி மட்டும் என்றால் போகட்டும் என்று விடலாம். எக்ஸ்ரே அறையில் வேலை பார்க்கிறவர்கள் உடம்பில் ஈய அங்கி மாட்டிக்கொள்வார்கள் அல்லவா, அதில் கீறல் விழுந்தால் வெளியே தெரியாது. அங்கியையே மேஜையில் விரித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். இந்தச் சோதனையைச் சங்கத்தின் பேரில் ஊர் ஊராகப் போய்ச் செய்தார் கொம்பையா. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், வள்ளியூர், திசையன்விளை எல்லாம் அவர் பைக் போன ஊர்கள். அம்பாசமுத்திரத்தில் ஆறு மாதக் கர்ப்பிணிப் பெண் ஒருத்தி கீறல் விழுந்த அங்கியைப் போட்டுக்கொண்டு வேலை செய்வதைப் பார்த்துவிட்டு, முதலாளி புது அங்கிக்கு ஆர்டர் போடுகிற வரைக்கும் அந்த சென்டர் வாசலை விட்டு நகரவில்லை. பெட்ரோல் சொந்தக் காசு, சாப்பாடு சொந்தக் காசு. ஒன்பது வருஷம் இப்படி.

"உங்களுக்கு என்ன நேர்ச்சையா?" என்பாள் இசக்கித்தாய். "ஊருல உள்ளவன் போடுத அங்கியெல்லாம் நீங்க போயிப் பாக்கணும்னு?"

"சர்வீஸ்னா அப்படித்தான்ட்டீ" என்பார் அவர். பட்டாளத்தில் பழகிய வார்த்தை. அந்த ஒரு வார்த்தையைச் சொன்னால் கொம்பையாவை எங்கே வேண்டுமானாலும் ஓட்டிக்கொண்டு போகலாம் என்பதை இசக்கித்தாய்க்கு முன்னாலேயே பெருமாள்ராஜும் எஸ்றாவும் கண்டுபிடித்திருந்தார்கள்.

அவர் எல்லோரிடமும் சொல்லுகிற ஒரு கதை உண்டு. அஸ்ஸாமில் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தபோது பெருமழை. ரோடு அறுந்து வண்டி போகவில்லை. அதிகாரி ஒரு ஒட்டிய கவரைக் கொடுத்து, பதினொரு கிலோமீட்டர் தள்ளியிருந்த தலைமை முகாமில் சேர்க்கச் சொன்னார். கொம்பையா கவரைப் பிளாஸ்டிக்கில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு நடந்தார். இரண்டு நாள் கழித்துத்தான் தெரிந்தது, அவருடைய தங்கச்சி கல்யாணத்துக்கு அவர் கேட்டிருந்த லீவைக் கொடுக்க வேண்டாம் என்று எழுதிய கடிதம் அது. தன் லீவில் மண் அள்ளிப் போட்ட கடிதத்தைத் தானே சுமந்து கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார். கேட்பவர்கள் ஐயோ என்பார்கள். கொம்பையாவுக்கோ அதில் அப்படி ஒரு பெருமை. "கவர்ல ரெண்டு பேரு பேருதான் உண்டு. குடுத்தவன் பேரு, வாங்குதவன் பேரு. கொண்டு போறவனுக்குப் பேரே கிடையாது" என்று சொல்லிவிட்டு மீசையைத் தடவிக்கொள்வார். இந்தக் கதையை எஸ்றா எத்தனை தடவை கேட்டிருப்பார் என்று கணக்கே இல்லை.

இப்படி இருக்கையில்தான் கவுன்சில் வந்தது. எக்ஸ்ரே எடுக்கிறவர்கள் எல்லாரும் இனி சென்னையில் இருக்கிற கவுன்சிலில் பதிந்து ஆளுக்கு ஒரு நம்பர் வாங்க வேண்டும், நம்பர் இல்லாதவன் மிஷினைத் தொடக்கூடாது என்று உத்தரவு. காலேஜில் படித்துப் பட்டயம் வாங்கியவர்களுக்குக் கவலை இல்லை. பட்டாளத்தில் தொழில் படித்தவர்கள் கையில் இருப்பது பட்டாளத்துச் சான்றிதழ். அதைக் கவுன்சில் ஏற்குமா ஏற்காதா என்று யாருக்கும் தெரியவில்லை. சங்கங்கள் கருத்துச் சொல்லலாம் என்று ஒரு கடைசித் தேதி வைத்திருந்தார்கள்.

சங்கத்தில் அப்படிப்பட்ட முன்னாள் படைவீரர்கள் கொம்பையாவைச் சேர்த்துப் பதின்மூன்று பேர். மற்ற பன்னிரண்டு பேரும் அவர் கூட்டிவந்து சேர்த்தவர்கள். "சங்கத்துல இருந்தா நாளைக்கு ஒரு பாதுகாப்புலே" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிச் சேர்த்தார். அதில் சிலுவைமுத்து அவருக்குக் கூடப்பிறக்காத தம்பி மாதிரி. கூடங்குளம் பக்கத்துக் கடற்கரைக்காரன், கடற்படை ஆஸ்பத்திரியில் பதினைந்து வருஷம் இருந்துவிட்டு வள்ளியூரில் வேலை பார்த்தான். சங்கத்துக் காகிதம் எதைக் கொம்பையா நீட்டினாலும் மடித்த இடத்தைக்கூடப் பிரிக்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பான். "அண்ணாச்சி வாசிச்சிருப்பியள்லா, போதும்" என்பான்.

கொம்பையா மூன்று நாள் உட்கார்ந்து ஒரு மனு எழுதினார். பட்டாளத்தில் எத்தனை மாதம் பயிற்சி, எத்தனை பரீட்சை, வருஷத்துக்கு எத்தனை ஆயிரம் படம் என்று விவரமாக எழுதி, பட்டாளத்துச் சான்றிதழும் பட்டயமும் சமம் என்று ஏற்க வேண்டும் என முடித்திருந்தார். செயற்குழுவில் எஸ்றா அதை உரக்க வாசித்தார்; சிலுவைமுத்துவும் மற்றவர்களும் அன்றைக்கு வந்திருந்தார்கள். எல்லாரும் கை தட்டினார்கள். பெருமாள்ராஜ் எழுந்து, முன்னாள் படைவீரர்களுக்கு என்று சங்கத்தில் தனிப் பிரிவு ஒன்று தொடங்கப்போவதாகவும், அதற்கு ஒருங்கிணைப்பாளர் கொம்பையா அண்ணாச்சிதான் என்றும் சொல்லிப் பொன்னாடை போர்த்தினார். போட்டோ எடுத்தார்கள். ஒன்பது வருஷம் நாற்காலி தூக்கிய மனுஷன் வீடு போய்ச் சேருகிற வரைக்கும் பொன்னாடையைக் கழற்றவில்லை.

கடைசித் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம், ஜங்ஷன் ஸ்டேஷனில் நெல்லை எக்ஸ்பிரஸ் புறப்படுவதற்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது எஸ்றா ஓடிவந்தார். கையில் தடித்த காக்கிக் கவர். வாயை ஒட்டி, மேலே சங்கத்து முத்திரை குத்தியிருந்தது.

"உங்க மனுவ டைப் அடிச்சு, தலைவர் கையெழுத்துப் போட்டு ஒட்டியாச்சு அண்ணாச்சி. நாளைக்குள்ள நேர்ல குடுக்கணும். உங்களத் தவிர யார நம்பி இதக் குடுக்க?"

"குடும் வே. காலையில மொத ஆளா நிப்பேன்" என்றார் கொம்பையா.

அந்த ராத்திரிப் பயணத்தில் அவர் கவரைத் தலைக்குக்கூட வைக்கவில்லை. மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தே தூங்கினார். பிரித்துப் பார்க்க வேண்டும் என்ற நினைப்பு ஒரு கணமாவது வந்ததா என்றால், சத்தியமாக வரவில்லை. தான் எழுதிய மனு, தன் காதால் கேட்ட மனு. அதற்கு மேல் ஒட்டிய கவர்.

கவுன்சில் ஆபீசில் ஒரு பதிவேட்டை நீட்டினார்கள். சமர்ப்பித்தவர் பெயர், பொறுப்பு, கையெழுத்து. கொம்பையா வெள்ளைச்சட்டைக் கையை மடித்து விட்டுக்கொண்டு, குண்டு குண்டு எழுத்தில் எழுதினார்: சமர்ப்பித்தவர், கொம்பையா, ஹவில்தார் (ஓய்வு). பொறுப்பு, ஒருங்கிணைப்பாளர், முன்னாள் படைவீரர் பிரிவு. பட்டாளத்தில் கவர் கொண்டு போனவனுக்குப் பேர் கிடையாது; இங்கே பேர் எழுதச் சொல்லுகிறார்களே என்று அவர் ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் இருக்கிறவன் எதை யோசிப்பான்?

பதின்மூன்று பேரும் பதிவுக்கு விண்ணப்பம் போட்டுக் காத்திருந்தார்கள். இரண்டு மாதம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலையில் அவருடைய போனுக்குப் பதிவு நம்பர் வந்தது. மகளைக் கூப்பிட்டுக் காட்டினார். பன்னிரண்டு பேரும் இருக்கிற வாட்சப் குரூப்பில் உடனே போட்டார். "என் நம்பர் வந்துட்டு. இனி ஒவ்வொருத்தருக்கா வரும். ஜெய் ஹிந்த்." இசக்கித்தாய் அன்றைக்குப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் கேசரி கிண்டினாள்.

கேசரித் தட்டு கையில் இருக்கும்போதே சிலுவைமுத்து கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, எனக்கு நம்பர் வரல. லெட்டர் வந்திருக்கு. வாசிக்கட்டா?"

"வாசிலே."

சிலுவைமுத்து பைய, ஒவ்வொரு வார்த்தையாக வாசித்தான். "தங்கள் சங்கத்தின் முன்னாள் படைவீரர் பிரிவு ஒருங்கிணைப்பாளர் நேரில் சமர்ப்பித்த மனுவில், இராணுவச் சான்றிதழ் மட்டும் உடையவர்கள் அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை முடித்த பின்னரே பதிவு கோருவார்கள் என்று அப்பிரிவே ஒப்புக்கொண்டிருப்பதால், தங்கள் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படுகிறது."

கொம்பையா கேசரித் தட்டைக் கீழே வைத்தார். "திரும்ப வாசி" என்றார். அவன் திரும்ப வாசித்தான். அதே வார்த்தைகள்தான்.

"ஒருங்கிணைப்பாளர்னா நீங்கதான அண்ணாச்சி?"

"நான்தான். ஆனா நான் எழுதுனது இது இல்லலே. எஸ்றா சபையில வாசிச்சான்லா, நீயும் கேட்டேல்லா?"

"கேட்டேன். நீங்கதான கொண்டு போனிய?"

"ஒட்டுன கவரு. பிரிச்சுப் பாக்கல."

சிலுவைமுத்து கேட்டான். "அப்பம் உங்களுக்கு மட்டும் எப்படி நம்பர் வந்துச்சு?"

கொம்பையாவுக்கே அது தெரியாது. தெரியாது என்று சொன்னார். "சரி" என்றான் அவன். அந்தச் சரியில் நம்பிக்கை குண்டுமணி அளவுகூட இல்லை. போனை வைத்துவிட்டான்.

பேட்டைக்குப் பைக்கை எப்படி ஓட்டினார் என்று அவருக்கே தெரியாது. காலேஜ் வாசலில் புதுசாக ஒரு ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். முன்னாள் படைவீரர்களுக்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு, சிறப்புச் சேர்க்கை. ஓரத்தில் பொன்னாடையோடு கொம்பையா சிரித்துக்கொண்டிருந்தார். தன் மூஞ்சியைப் பார்த்துத் தனக்கே இப்படி அருவருப்பு வரும் என்று அவர் நினைத்ததில்லை.

உள்ளே பெருமாள்ராஜ் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க அண்ணாச்சி, நம்பர் வந்துட்டாமே. உக்காருங்க. டீ சொல்லட்டா?"

"கவர்ல என்னத்த வே வச்சு அனுப்புனீரு?"

ஒன்பது வருஷமாகத் தலைவரே தலைவரே என்று கூப்பிட்ட வாய். வே என்ற சொல்லைக் கேட்டதும் பெருமாள்ராஜ் உட்கார்ந்துவிட்டார். அடுத்த மேஜையில் இருந்த எஸ்றா கம்ப்யூட்டரை விட்டுத் தலையைத் திருப்பவில்லை.

"நீங்க கோவத்துல இருக்கிய. கொஞ்சம் நிதானமாக் கேளுங்க. சங்கத்துல காலேஜ்ல படிச்ச பிள்ளைய முந்நூறு பேரு இருக்கு. உங்க ஆளுவ பன்னிரண்டு பேரு. மிலிட்டரிக்காரன உள்ள விட்டா எங்க படிப்புக்கு என்ன மரியாதைன்னு அந்த முந்நூறு பேரும் என் சட்டையப் பிடிக்கான். நான் யாருக்குத் தலைவரு, சொல்லுங்க. ஆனா உங்கள விட்டுட்டனா? எட்டாவது பத்தியப் பாத்தியளா? ஒன்பது வருஷம் சங்கத்துக்குத் தொண்டு செஞ்சவருக்கு மட்டும் விலக்கு வேணும்னு நானே எழுதிச் சேர்த்தேன்."

"நான் எதைப் பாக்க? என் கையில குடுத்தது ஒட்டுன கவரு."

எஸ்றா இழுப்பறையிலிருந்து நகலை எடுத்து நீட்டினார். கொம்பையா நின்றபடியே வாசித்தார். அவர் எழுதிய ஆறு பத்திகளும், சமம் என்று முடித்திருந்த கடைசி வரியைத் தவிர, ஒரு எழுத்து மாறாமல் இருந்தன. ஏழாவதில் இரண்டாண்டுப் படிப்பு. எட்டாவதில் அவருக்கு மட்டும் விலக்கு, முழுப் பெயரோடு. அவர் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய அத்தனை விவரமும் கடைசியில் இந்த இரண்டு பத்திக்கு முட்டுக்கொடுத்து நின்றது.

"எழுதுனீரு, சரி. தபால்ல போட வேண்டியதுதான? எதுக்கு வே என் கையில குடுத்தீரு?"

பெருமாள்ராஜ் ஜன்னலைப் பார்த்தார். எஸ்றாதான் பதில் சொன்னார். அதையும் ஏதோ பாராட்டுவது போலத்தான் சொன்னார். "மிலிட்டரிக்காரங்க கையாலேயே வந்தாத்தான் அங்க எடுபடும் அண்ணாச்சி. மறுபேச்சு வராது. வேற யாரும்னா வழியில பிரிச்சுப் பாத்துருப்பாவ. உங்களத்தான் எங்களுக்குத் தெரியுமே."

கொம்பையாவின் கை எழும்பியது. எழும்பிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். அடித்திருக்கலாம், அடித்தால் பல்லைத் தட்டுகிற கைதான் அது. ஆனால் யாரை அடிப்பது? மழையில் பதினொரு கிலோமீட்டர் நடந்த கதையைப் பெருமையடித்து, இந்தாங்கடா என்னை இப்படித்தான் ஏமாற்ற வேண்டும் என்று வழி சொல்லிக் கொடுத்ததே அவர்தானே. நகலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார். டீ அப்போதுதான் வந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்கப் பன்னிரண்டு பேருக்கும் போன் போட்டார். நாலு பேர் எடுத்தார்கள். எடுத்தவர்களும் கேட்டுக்கொண்டார்களே தவிர ஒருவரும் சரி தப்பு என்று வாய் திறக்கவில்லை. வாட்சப் குரூப்பிலிருந்து ஒவ்வொருவராக விலகி, கடைசியில் அவரும் அந்த ஜெய் ஹிந்தும் மட்டும் மிஞ்சினார்கள்.

சனிக்கிழமை இசக்கித்தாய் முன்னாள் படைவீரர் கேன்டீனுக்குப் போனாள். மாதச் சாமான் வாங்க எல்லா வீட்டுப் பெண்களும் கூடுகிற இடம். அங்கன வரிசையில் நின்றால் பேச்சும் சிரிப்புமாக நேரம் போவதே தெரியாது. அன்றைக்கு அவள் போய் நின்றதும் முன்னால் நின்ற முத்துராணி திரும்பிப் பார்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வரிசையின் கடைசிக்குப் போய் நின்றுகொண்டாள். முத்துராணி புருஷனும் அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவன். அவளைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் நகர்ந்தார்கள். இசக்கித்தாய் சாமான் வாங்காமல் வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷன் முன்னால் நின்றாள்.

"இத்தன வருஷம் பட்டாளத்துக்காரன் பெண்டாட்டின்னு நிமிந்து நடந்தேன். இன்னைக்கு என்னைக் கண்டதும் ஒதுங்கிப் போறாளுவ. நீங்க காட்டிக் குடுத்திய, அதான் உங்களுக்கு மட்டும் நம்பர் வந்துதுன்னு நினைக்காளுவ."

"நீ என்ன நினைக்க?"

அவள் அழுதுவிட்டாள். "நான் உங்களக் கெட்டிக்காரர்னு எந்தக் காலத்துல நினைச்சேன்? கள்ளத்தனம் பண்ணுத அளவுக்கு உங்களுக்குக் கெட்டிக்காரத்தனம் உண்டா? எனக்குத் தெரியும். அவளுவளுக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் கொம்பையா சென்னைக்கு ரயில் ஏறினார். கவுன்சில் ஆபீசில் இருந்த அதிகாரி அம்மா பதிவேட்டைத் திருப்பி அவருடைய கையெழுத்தையே அவருக்குக் காட்டினாள். நல்ல மாதிரிதான் பேசினாள். "நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே சார். இப்ப தெரியாதுன்னா எப்படி? ஒண்ணு செய்யுங்க. ஏழாவது எட்டாவது பத்தியை எங்க பிரிவு ஏத்துக்கலைன்னு எல்லாரும் கையெழுத்துப் போட்டு இந்த மாசத்துக்குள்ள ஒரு மனு குடுங்க. ஒருத்தர் விடுபட்டாலும் எடுத்துக்க மாட்டாங்க. கமிட்டியில வெப்பாங்க. ஆனா உங்க நம்பர் எட்டாவது பத்தியை வெச்சுக் குடுத்தது. அந்தப் பத்தி போனா உங்க நம்பரும் போயிடும். அப்புறம் கமிட்டி என்ன முடிவு பண்ணும்னு நான் சொல்ல முடியாது."

நம்பர் போனால் மஹ்மூதா பீவி ஆஸ்பத்திரி வேலையும் போகும். அவருக்கு அந்த இருட்டறையும் மிஷினும்தான் உயிர் என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஊருக்குத் திரும்பி விஷயத்தைச் சொன்னதும் இசக்கித்தாய் ஒரு பேப்பரையும் பேனாவையும் எடுத்துவந்து அவர் முன்னால் வைத்தாள். "எழுதுங்க. பென்ஷன் இருக்கு, கஞ்சிக்குக் குறையில்ல. எனக்குக் கேன்டீனுக்குப் போகணும்."

மனு எழுதினார். நகல்கள் எடுத்துக்கொண்டு ஒவ்வொருவர் வீடாகப் போனார். யாரும் விரட்டவில்லை, விரட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். சிலுவைமுத்து போட்டால் நாங்களும் போடுகிறோம். அவனுக்குத்தான் நீங்கள் ரொம்ப நெருக்கம், அவன் நம்பினால் எங்களுக்கும் சம்மதம்.

கூடங்குளத்துக்குப் பஸ் ஏறி, அங்கிருந்து ஆட்டோவில் கடற்கரைக்குப் போனபோது மத்தியானம் ஆகியிருந்தது. சிலுவைமுத்து வீட்டு வாசலில் அவன் மனைவி இஞ்ஞாசியம்மாள் கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். எப்போதும் "வாங்க அண்ணாச்சி" என்று ஓடிவருகிறவள், இன்றைக்கு உள்ளே பார்த்து, "ஆள் வந்திருக்கு" என்று மட்டும் சொன்னாள்.

சிலுவைமுத்து இடுப்பில் கட்டின சாரத்தோடு வந்தான். கையெல்லாம் புதுசாகக் கயிறு உரசிய காயம். ஆஸ்பத்திரியில் நம்பர் கேட்டார்களாம், இல்லை என்றதும் நிறுத்திவிட்டார்களாம். பத்து நாளாக அண்ணன் படகில் போகிறான். இதையெல்லாம் குற்றமாகச் சொல்லவில்லை, கேட்டதற்குச் சொன்னான்.

"மனு ஒண்ணு எழுதியிருக்கேன்" என்று கொம்பையா பைலைத் திறந்து மனுவை எடுத்து நீட்டினார். "நீ கையெழுத்துப் போட்டா மத்தவனும் போடுவான்."

அவன் வாங்கிக்கொண்டான். வழக்கம்போலப் பேனாவைத் தேடவில்லை. நாற்காலியை வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு, மூக்குக்கண்ணாடியை எடுத்துவரச் சொல்லி, முதல் வரியிலிருந்து வாசிக்கத் தொடங்கினான். விரலை வரிக்கு வரி நகர்த்திக்கொண்டு வாசித்தான். ஒரு பக்கம் முடிந்ததும் அதை இஞ்ஞாசியம்மாளிடம் கொடுத்தான். அவளும் கையைத் துடைத்துவிட்டு வாங்கி வாசித்தாள். கொம்பையா எதிரே உட்கார்ந்திருந்தார். படி, நல்லாப் படி, எல்லாரும் இப்படித்தான் படிக்கணும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார்.

கடைசிப் பக்கத்தில் அந்த வரி இருந்தது. எட்டாம் பத்தியின் பேரில் எனக்கு வழங்கப்பட்ட பதிவு எண்ணை இத்துடன் திருப்பி ஒப்படைக்கிறேன். சிலுவைமுத்து அந்த இடத்தில் நின்றான். நிமிர்ந்து அவரைப் பார்த்தான். கண் கலங்கின மாதிரி இருந்தது. கொம்பையாவுக்கு ஒரு கணம் எல்லாம் சரியாகிவிட்டது என்றே தோன்றியது. "என்னை நம்புதியாலே" என்று கேட்க வாயெடுத்தார்.

அதற்குள் சிலுவைமுத்து குனிந்து, அவர் மடியில் இருந்த பைலைப் பார்த்தான்.

"இதுக்கு அடியில வேற பேப்பர் ஒண்ணும் இல்லயே?" என்று கேட்டான்.

ஆத்திரத்தில் கேட்கவில்லை. குத்திக் காட்டவும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டான். ஒன்பது வருஷத்தில் பெருமாள்ராஜும் எஸ்றாவும் சேர்ந்து தன்னிடமிருந்து எதைப் பறித்துக்கொண்டார்கள் என்பது அந்தக் கேள்வியில்தான் கொம்பையாவுக்கு முழுசாகப் புரிந்தது. நம்பர் எல்லாம் அதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

"இல்லடே" என்றார். சொன்னது போதாது என்று அவருக்கே தெரிந்தது. உள்ளே இருந்த தாள்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் பரப்பினார். பிறகு பைலைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் விரித்து, அவன் முகத்துக்கு நேரே உதறிக் காட்டினார். சிலுவைமுத்து அதையும் பார்த்தான். பார்த்த பிறகுதான் பேனா கேட்டான்.